கல்லில் இருந்த ஓசை

மாமல்லபுரத்துக்குள் நுழையும் சாலையின் இரு மருங்கிலும் கீற்றுக் கொட்டகைகளின் கீழ் நடக்கும் சிற்பக்கூடங்களில், கல் அறுக்கும் இயந்திரங்களின் கிறீச்சொலி வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்திலும், இயந்திரத்தால் ஆகாத காரியம் ஒன்று அன்றாடம் நடைபெற்று வருகிறது. புதிதாக வந்திறங்கிய கருங்கல்லின் முன் வயது முதிர்ந்த ஸ்தபதி குந்தி அமர்ந்து, சிறிய சுத்தியலால் தலைமாட்டில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, கால்மாட்டில் ஒரு தட்டு என்று தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் நாடி பார்க்கும் வைத்தியரைப் போலத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். வெண்கல மணியைப் போல் நாதம் நீண்டு ஒலித்தால் அது ஆண் கல்; தாளத்தைப் போல் மெல்லிதாய் ஒலித்தால் பெண் கல்; நாதமே எழாமல் ‘தொக்’கென்று அடங்கிவிட்டால் நபும்சகக் கல். முன்னிரண்டும் திருமேனிக்கும் பீடத்துக்கும் ஆகும், மூன்றாவது அஸ்திவாரத்துக்குப் போகும் என்பது சிற்பிகளின் வழக்கு.

சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் அத்தகைய கூடமொன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். லாரியிலிருந்து மூன்று கற்களை இறக்கியிருந்தார்கள். ஒன்று கட்டைகளின் மேலும் மற்ற இரண்டு மணலிலுமாகக் கிடந்தன. மூன்றையும் தட்டிப் பார்த்த ஸ்தபதி, கட்டையின் மேல் கிடந்ததற்குக் காவியால் குறியிட்டுக் கொட்டகைக்குள் உருட்டச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் வேலியோரம் தள்ளச் சொன்னார். “இது சாமிக்கு ஆவும் சார், அதுங்க ரெண்டும் படிக்குத்தான்.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவனாகையால், கல்லைத் தட்டுவதைப் பார்த்தாலும் எனக்குப் பரீட்சையின் ஞாபகமே வரும். அன்றைக்கு வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அன்று காலையில்தான் தேவனேரிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து, என்னிடம் முன்பு படித்த பையனுடைய தாய், மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, தன் இளைய மகளைப் பற்றி யோசனை கேட்டுப் போயிருந்தாள். அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில் கெட்டிக்காரி. மாவட்டத்து அரசு மாதிரிப் பள்ளியில் சேர்க்கலாமென்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். தாய் கேட்ட கேள்வி இது: “அங்க சேந்தா புள்ள நல்லாப் படிச்சிடுமா சார், இல்ல நல்லாப் படிக்கிற புள்ளையாப் பாத்துதான் சேத்துக்கிறாங்களா?”

கல்வித்துறை அறிஞர்கள் பெரும் பொருட்செலவில் ஆராய்ந்து வரும் பிரச்னை இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டு அரசு 2021-22ஆம் கல்வியாண்டில் சில மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிவாக்கிய மாதிரிப் பள்ளிகள், அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து, விடுதியில் தங்கவைத்து, உணவும் உறையுளும் தந்து, தேசிய அளவிலான நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்றுபவை. மத்திய அரசின் நவோதயப் பள்ளிகள் மொழிக் கொள்கை காரணமாக இம்மாநிலத்தில் இல்லாமையால், தேர்ந்தெடுத்துக் கற்பிக்கும் அரசுப் பள்ளி என்ற கருத்து நம் கிராமத்துப் பெற்றோர்க்குப் புதிதாகவே வந்திருக்கிறது. அப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்குப் போகும்போது, படங்களோடு பிளெக்ஸ் பலகைகள் எழுகின்றன. சந்தோஷிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து மீன்காரம்மா கேட்ட கேள்விக்கு விடை சொல்ல முடியாது; ஏனென்றால் காவிக் குறியிட்ட கல் ஒலித்தது என்று சொல்வதனால் குறியிட்ட பிறகு என்ன நடந்தது என்பது வெளிப்படுவதில்லை.

நம்முடைய தரிசனங்கள் இதை வேறொரு பெயரால் நெடுங்காலம் விவாதித்திருக்கின்றன. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறதா, அன்றிப் புதிதாகத் தோன்றுகிறதா என்பதே அந்த விவாதம். எள்ளில் எண்ணெய் இருப்பதனால்தான் செக்கிலிட்டால் வருகிறது, மணலை எத்தனை நாள் ஆட்டினாலும் வராது என்பார்கள் சாங்கியர்கள், இது சற்காரியவாதம். நூலில் இல்லாத புடவை தறியில் புதிதாகப் பிறக்கிறது, புடவையின் காரியத்தை நூற்கண்டு செய்துவிடுமா என்று கேட்பார்கள் நியாய வைசேஷிகர்கள். பள்ளிக்கூடம் செக்கா, தறியா என்பதுதான் நம் கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்துத் தந்த சைவ சித்தாந்தம் சற்காரியத்தை ஒப்புக்கொண்டாலும் அதோடு நின்றுவிடாமல், குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பகுத்துக் காட்டுவது எனக்கு எப்போதும் பிடித்த இடம். குடத்தின் புகழைப் பங்கு போட வரும்போது மூவரும் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் சக்கரம் முன்னால் முண்டியடிப்பதுதான் இந்தக் காலத்து விளம்பரம்.

கதாகாலட்சேபங்களில் ஓர் உவமை சொல்வார்கள். ஒரே மலையில் பிறந்த இரண்டு கற்களில் ஒன்று உளியின் அடி பொறுத்துச் சிலையாயிற்று. பொறுக்காத மற்றொன்று படியாயிற்று. ஆகவே குழந்தைகளே, அடி பொறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று முடியும். நானும் பல வருஷம் இதை வகுப்பில் சொல்லிக் கைதட்டு வாங்கியவன்தான். சிற்பக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு அதை மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் அடி விழுவதற்கு முன்பே தட்டிப் பார்த்தல் நடந்து முடிந்துவிடுகிறது. படிக்கல்லின் மேல் பொறுமையைப் பரீட்சிக்கும் உளி ஒருநாளும் வைக்கப்படவே இல்லை. தேர்வின் விளைவைத் தவத்தின் விளைவாகக் காட்டுகிற கதை அது.

சரி, தேர்வின் பங்கைக் கழித்துவிட்டால் பள்ளிக்கென்று எவ்வளவு மிஞ்சும்? பிரத்தியட்சத்தில் காண முடியாததை அனுமானத்தால் அறிய வேண்டியதுதான். அதற்குப் பொருளாதார அறிஞர்கள் கண்டுபிடித்த உபாயம் மிக எளிது, ஆகையால் மிக அழகானது. நுழைவுத் தேர்வில் கோடு கிழிக்கிறார்கள். ஒரு மதிப்பெண் கூடியவன் உள்ளே போகிறான், ஒரு மதிப்பெண் குறைந்தவன் வெளியே நிற்கிறான். காய்ச்சலோ, தூக்கமின்மையோ, ஒரு கணக்கில் கைதவறிய கூட்டலோ தீர்மானித்த அந்த ஒரு மதிப்பெண்ணைத் தவிர இருவரும் புத்தியிலும் குடும்ப நிலையிலும் ஏறக்குறைய ஒருவரே. சில வருஷம் கழித்து இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், காணும் வித்தியாசம் பள்ளியால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

அமெரிக்காவில் 1635இல் தோன்றிய பாஸ்டன் லத்தீன் பள்ளியும் நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் பள்ளியும், நம் ஊரில் எவரும் கேள்விப்படாதவையாயினும், அங்குள்ளோர் தம் பிள்ளைகளுக்காகக் கனவு காணும் அரசுப் பள்ளிகள். இவற்றையும் இவை போன்ற வேறு நான்கையும் அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பாதக் என்ற மூவர் இம்முறையில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. கோட்டைத் தாண்டி உள்ளே போனவனுக்குச் சகவாசம் முற்றிலும் மாறுகிறது. சுற்றியிருப்போர் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆனால் பின்வரும் பரீட்சைகளில் அவன் வாங்கும் மதிப்பெண்ணும் அவன் சேரும் கல்லூரியும், வெளியே நின்றவனுடையவற்றிலிருந்து சொல்லத்தக்க அளவில் வேறுபடவில்லை. தங்கள் கட்டுரைக்கு அவர்கள் இட்ட தலைப்பை நம் வழக்கில் ‘உயர்பள்ளி மாயை’ என்று சொல்லலாம். மூவரில் ஒருவரான ஜோஷுவா ஆங்ரிஸ்ட் 2021இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றவர். மாயை என்ற சொல்லை வேதாந்தி அல்லாத ஒருவர் இத்தனை கணக்குப் போட்டுச் சொல்லும்போது சற்று நின்று கேட்கத்தான் வேண்டும். கென்யாவின் தேசியப் பள்ளிகளைப் பற்றி அதே 2014இல் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொல்லிற்று.

இந்த முறைக்குள்ளே ஓர் எல்லையும் இருக்கிறது. கோட்டின் மேல் நிற்பவனைப் பற்றித்தான் அது பேச முடியும். முதல் மாணவனாக உள்ளே போனவனுக்கு அப்பள்ளி என்ன செய்தது என்பதைப் பற்றி அது மௌனம்.

அன்றியும் எல்லா ஊரிலும் ஒரே விடை வரவில்லை. டிரினிடாட் தீவில் கிராபோ ஜாக்சன் 2010இல் கண்டது நேர்மாறு: சிறந்த பள்ளிக்குப் போன பிள்ளைகள் உண்மையாகவே கூடுதலாகத் தேறினார்கள். ருமேனியாவைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு சிறிதளவு நன்மையைக் கண்டதோடு, மனத்தைத் தொடும் வேறொன்றையும் கண்டது. நல்ல பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதென்றால் பெற்றோர் வீட்டில் பாடத்துக்கு உதவுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள், கடைசி ஆளாக உள்ளே நுழைந்த பிள்ளையோ கெட்டிக்காரர் நடுவே ஒதுக்கப்பட்டவனாகத் தன்னை உணர்கிறான். இங்கிலாந்தில் தேர்வு வைத்துச் சேர்க்கும் பழைய இலக்கணப் பள்ளிகளில் டேமன் கிளார்க் கண்டது, மதிப்பெண்ணில் பெரிய ஏற்றமில்லை, ஆனால் பல்கலைக்கழகம் போகும் வாய்ப்பு கூடிற்று என்பது. அறிவைக் கூட்டாத பள்ளி கதவைத் திறந்துவிட்டது போலும்.

இந்த விடைகள் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், என் அபிப்பிராயத்தில் முரண்பாடு இல்லை. பாஸ்டனில் கோட்டுக்கு வெளியே நின்ற பையன் தெருவில் நிற்கவில்லை; வேறொரு பள்ளியில், வேறொரு நல்ல ஆசிரியரிடம், வீட்டில் மேஜையும் விளக்கும் உள்ளவனாக உட்கார்ந்தான். ஒரு சக்கரத்துக்குப் பதில் மற்றொரு சக்கரம். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் சிறிதாயிருப்பதில் வியப்பென்ன? ஆகவே ‘இப்பள்ளி நல்லதா?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘இதற்குப் பதிலாக இப்பிள்ளைக்கு எது வாய்க்கும்?’ என்று கேட்க வேண்டும். மீன்காரம்மாவின் வீட்டில் எனக்குப் பழக்கமுண்டு. ஓர் அறை, அதில் பாதியை வலை அடைத்துக்கொண்டிருக்கும். விடியற்காலை கட்டுமரமும் படகும் கரைக்கு வரும் நேரத்தில் ஏலத்துக்கு ஓட வேண்டும்; தாய் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெண். படிக்கும் நேரம் என்று வீட்டில் எவருக்கும் பொழுது கிடையாது. அவளுக்கு விடுதியின் இரும்புக் கட்டிலும், மணியடித்தால் வரும் சோறும், இரவு ஒன்பது மணி வரை எரியும் விளக்கும் பாஸ்டன் பையனுக்குப் போல் ஒரு சக்கரத்துக்கு மற்றொரு சக்கரமல்ல. சக்கரமே இல்லாத இடத்தில் வரும் முதற்சக்கரம்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனுடைய நெடிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. செங்கற்பட்டிலிருந்து அரைநாளில் போய்ப் பார்த்து வரலாம். பதினோராம் நூற்றாண்டில் அங்கே நடந்த வேத பாடசாலையையும், மாணவர் விடுதியையும், ஆதுலர் சாலை எனப்பட்ட 15 படுக்கைகளுள்ள மருத்துவமனையையும் அது ஒருங்கே பேசுகிறது. பாடத்துக்கு மட்டும் நிலம் எழுதி வைத்தால் போதுமென்று அந்தக் காலத்தார் நினைக்கவில்லை. சோறும் மருந்தும் பாடத்தின் பகுதியென்றே எண்ணினார்கள். யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்பதை நாமெல்லோரும் அறிவோம். அங்கே தட்டிப் பார்த்தது பிறப்பு என்ற சுத்தியல். அதோடு ஒப்பிட, வினாத்தாள் என்ற சுத்தியல் எவ்வளவோ நியாயமானது என்று ஒப்புக்கொண்டே மேலே பேச வேண்டும்.

இனி சமயத்தின் பக்கம். வித்தையைப் பெறுவதற்கு யோக்கியதை வேண்டும் என்பது வேதாந்திகளின் அதிகாரி லட்சணம். மலம் பக்குவப்பட்ட, அதாவது மலபரிபாகம் வந்த, ஆன்மாவுக்கே குரு வாய்ப்பார் என்பது சைவரின் துணிபு. அதிலும் திருவருள் பதிதலாகிய சத்திநிபாதத்தை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு படியாக வகுத்திருக்கிறார்கள். நுழைவுத் தேர்வும் தரவரிசையும் நமக்கு ஒன்றும் அந்நியமல்ல. வைணவர்களோ அருளின் இயல்பைப் பற்றியே இரு கட்சியானார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், அதுபோல ஜீவனும் சிறிது முயல வேண்டும் என்பது வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். பூனை தன் குட்டியை வாயால் கவ்விச் செல்லும், குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம். பற்றிக்கொள்ளத் தெரிந்த குட்டிக்கே இடம் என்கிற பள்ளி மர்க்கட நியாயத்தில் நடக்கிறது; எல்லாப் பிள்ளையும் நம் பிள்ளை என்கிற ஊர்ப் பள்ளிக்கூடம் மார்ஜார நியாயத்தில் நடக்கிறது. பூதத்தாழ்வார் அவதரித்த கடல்மல்லையில், தலசயனப் பெருமாள் சந்நிதியில் நின்றுகொண்டு இதை யோசிக்கையில் எனக்குச் சிரிப்பு வந்ததுண்டு. ஏனெனில் கோயிலுக்குப் பின்புறத்துப் பெரும்பாறையில், அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் சிற்பத்தில், ஒரு பூனை தவசியைப் போலவே இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி நிற்க, அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு திரிகின்றன. தவக்கோலத்தைப் பார்த்துச் சேர்க்கை நடத்தினால் பூனைக்கும் இடம் கிடைத்திருக்கும் என்பதைப் பல்லவச் சிற்பி ஏழாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தான். பயிற்சி மையங்களில் இரண்டு வருஷம் கை தூக்கப் பழகி வருவோரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுஜர், திருமந்திரத்தின் பொருளைக் கேட்கத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்று குருபரம்பரை சொல்லும். அதைவிடக் கடினமான சேர்க்கையைக் கற்பனை செய்வது அரிது. பதினெட்டாம் முறை இடம் கிடைத்ததும் அவர் செய்தது என்ன? கோயிலின் மேலேறி, கூடியிருந்த எல்லாருக்கும் அதைச் சொல்லிவிட்டார். தாம் தேர்ந்தெடுக்கப்பட்டதனால் தம் பெருமை கூடிற்று என்று அவர் எண்ணவில்லை. சிதம்பரத்து உமாபதி சிவாசாரியார் பெற்றான் சாம்பான் என்ற அடியவருக்கு மட்டுமின்றி ஒரு முள்ளிச்செடிக்கும் தீக்ஷை கொடுத்து முத்தி தந்தார் என்ற கதையும், பரிபாகம் என்ற சித்தாந்தத்தை நன்றாகக் கற்ற ஒருவர்மேல்தான் ஏற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. யோக்கியதையை வகுத்துச் சொன்ன சமயங்களே அந்தக் கோட்டைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் கிழித்திருக்கின்றன.

வேலியோரத்துக் கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று எத்தனையோ ஆய்வுகள் உண்டு. அவர்கள் விட்டுப்போன வகுப்பைப் பற்றிக் கேட்பவர் குறைவு. எனக்கு ஓராண்டு நினைவிருக்கிறது. வகுப்பின் முதல் மூன்று பேர் வேறிடம் போய்விட்டார்கள். மறுநாள் கணக்கில் ஒரு கேள்வி கேட்டேன். முன்பெல்லாம் மூன்று கைகள் எழும், அவற்றைப் பார்த்து நான்காவது கை தயங்கித் தயங்கி எழும். அன்று எழவில்லை. நானும் விடையை நானே கரும்பலகையில் எழுதிவிட்டேன். எழுதியபோதே தெரிந்தது, இனி இப்படித்தான் எழுதுவேன் என்று. அந்த நான்காவது பையன் மக்கில்லை. எழுவதற்கு அவனுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூவருக்குப் போன இடத்தில் கிடைத்த லாபம் எவ்வளவென்று கணக்கிடுவோர், நான்காமவனுக்கு நேர்ந்த நஷ்டத்தை அதே தாளின் மறுபக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தந்த 2020ஆம் வருஷத்துச் சட்டம் எனக்கு உவப்பானதற்குக் காரணம், அது கல்லை மாத்திரம் பார்க்காமல் கல் கிடந்த இடத்தையும் பார்த்தது.

மீன்காரம்மாவுக்கு நான் சேர்க்கச் சொன்னேன். “படிக்கிற புள்ளையாப் பாத்துதாம்மா சேத்துக்கிறாங்க, ஆனா உன் புள்ளைக்கு அங்க போனா படிக்க நேரம் கிடைக்கும்” என்றேன். அவள் பாதி விடையோடு திருப்தியடைந்தவள்போல் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஆடி மாதம் மறுபடி சிற்பக்கூடத்துக்குப் போயிருந்தேன். காவிக் குறியிட்ட கல்லில் ஒரு முருகன் தோள் வரை வெளிப்பட்டிருந்தான். வேலியோரத்துக் கற்கள் இரண்டையும் கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தது கண்ணில் பட்டது. காரணம் கேட்டேன். ஸ்தபதி சற்றுக் கூச்சத்தோடு, “அன்னைக்கு அவசரத்துல எறக்குன எடத்துலயே தட்டிட்டேன் சார். மண்ணுல பதிஞ்சி கெடந்தா எந்தக் கல்லும் ஓசை குடுக்காது. கீழ ரெண்டு கட்டை குடுத்துத்தான் தட்டணும். எனக்கே தெரியும், இருந்தும் விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்து முதற்கல்லின் நடுவில் மெல்லத் தட்டினார். கொட்டகையின் மறுகோடியில் உளியடித்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்க்கும்படி அது நீளமாக ஒலித்தது. இரண்டாவதையும் தட்டினார். தொக்.

“இது படிதான் சார்,” என்றார். ஆனாலும் போகிற போக்கில் கட்டையைச் சற்று நகர்த்தி வைத்து, இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.